ஸ்கேனில் சிவப்பு வந்தால் பார்வை நரம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. கிட்டப்பார்வை. வலது கண்ணில் மைனஸ் 4.25, இடது கண்ணில் மைனஸ் 4.5. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஓசிடி ஸ்கேன் (ஒளியால் கண்ணின் உள்ளடுக்குகளைப் படமெடுப்பது) எடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் சிவப்பாக வந்திருக்கிறது. பார்வை நரம்பு தேய்ந்திருக்கிறது, க்ளாக்கோமாவாக (பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு தேயும் நோய்) இருக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுங்கள், நரம்புக்குச் சத்து மாத்திரை கொடுங்கள் என்கிறார்கள். போன வருடம் கண் அழுத்தம் 15 என்று இருந்தது. வேறு தொந்தரவு எதுவும் இல்லை. கண் அரிப்புக்கு மட்டும் ஆறு மாதமாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து போடுகிறோம். அவளுக்குப் பார்வை போய்விடுமா?

பதில்: சிவப்பு நிறத்தைப் பற்றிப் பயந்துபோய் நீளமாக எழுதியிருக்கிறீர்கள். சொட்டு மருந்தைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான். முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்குக் கண் பின்பக்கமாக நீண்டுகொண்டே போகிறது. பிறந்த குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம், பெரியவர்களுக்குச் சுமார் 24. இருக்கவேண்டிய நீளத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடினால் பவர் ஏறக்குறைய 2.5 முதல் 3 வரை ஏறும். கண் நீளும்போது உள்ளே பார்வை நரம்பு நுழையும் இடமும் சேர்ந்து இழுபடும். வட்டமாகப் பூவேலை செய்த துணியை ஒரு பக்கம் பிடித்து இழுத்துப் பாருங்கள், வட்டம் சாய்ந்து முட்டை வடிவமாகிவிடும். நரம்பின் முனையும் அப்படித்தான் சாய்கிறது. காதுப் பக்கத்து ஓரத்தில் வெளிறிய பிறை போல ஒரு கோடு தெரியும். கிட்டப்பார்வைப் பிள்ளைகளின் கண்ணில் இதைத் தினமும் பார்க்கிறேன். இது மட்டும் இருந்தால் நோய் கிடையாது.

ஸ்கேன் கருவிக்கு இதெல்லாம் தெரியாது. அது நரம்பு முனையைச் சுற்றிச் சுமார் 3.4 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்தில் நரம்பு இழைகள் எவ்வளவு தடிமன் என்று அளக்கிறது. இழைகள் மேலே ஒரு கற்றையாகவும் கீழே ஒரு கற்றையாகவும் வரும். நீண்ட கண்ணில் அந்த இரண்டு கற்றைகளும் காதுப் பக்கமாக நகர்ந்திருக்கும். கருவி வழக்கமான இடத்தில் தேடிப் பார்த்து, அங்கே மெல்லியதாக இருக்கிறது என்று சிவப்பு அடித்துவிடுகிறது. தாளில் மேடும் பள்ளமுமாக ஒரு வரைபடம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இரண்டு மேடுகளும் உயரம் குறையாமல் இடம் மட்டும் மாறியிருந்தால், பெரும்பாலும் கதை இதுதான். இன்னொன்றும் உண்டு. கண் நீளமாக இருந்தால் அந்த வளையம் நரம்பைவிட்டுச் சற்றுத் தள்ளி விழும். தள்ளிப் போகப் போக இழைகள் இயல்பாகவே மெலிந்துதான் இருக்கும்.

இதைவிட முக்கியமான விஷயம், அந்த நிறம் யாரோடு ஒப்பிட்டு வருகிறது என்பது. சிவப்பு என்றால், ஒப்பிடும் ஆட்களில் 100 பேரில் ஒருவருக்குத்தான் இவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று பொருள். அந்த ஆட்கள் பெரும்பாலான கருவிகளில் 18 வயது தாண்டியவர்கள். 9 வயதுச் சிறுமியை அவர்களோடு நிறுத்தி அளந்தால் என்ன வரும்? சில கருவிகள் நாணயமாக 18 வயதுக்குக் கீழே நிறமே காட்டாது. நிறம் வரவேண்டும் என்பதற்காகப் பிறந்த தேதியை மாற்றிப் போட்ட தாள்கள் என் மேசைக்கே வந்திருக்கின்றன. உங்கள் தாளின் மேல் மூலையில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஸ்கேன் எடுக்க ஐந்து நிமிடம் இருக்கிறது, தாளை விளக்கிச் சொல்ல ஒரு நிமிடம் இல்லை. அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாய் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறாள். அந்தப் பயத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் உங்கள் மகளுக்குத் தேவையில்லை. நரம்பை வளர்க்கும் சத்து மாத்திரை என்று ஒன்று கிடையாது. சாய்ந்த நரம்பை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது, நீண்ட கண்ணை எந்தக் கண் பயிற்சியும் சுருக்காது. கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஏறாது என்பார்கள், அதையும் நம்பாதீர்கள். சரியான பவர் போடுங்கள். அதுவும் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை (நடுவிலுள்ள கறுப்புத் துளையை) விரித்துப் பார்த்த பவராக இருக்கட்டும். விரிக்காமல் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்தால் பிள்ளைகளுக்கு மைனஸ் கூடுதலாகக் காட்டும்.

சரி, அந்த அரிப்பு மருந்துக்கு வருகிறேன்.

கிட்டப்பார்வைப் பிள்ளையின் நரம்பைப் பற்றி உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் இதுதான். மருந்துக் கடையில் 'கண் அரிக்கிறது' என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். போட்ட ஒரே நாளில் சிவப்பும் அரிப்பும் போய்விடும், அதனால் திரும்பத் திரும்ப வாங்கத் தோன்றும். சில பிள்ளைகளுக்கு இது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு வேகமாகவும் அதிகமாகவும் ஏறலாம், சில வாரங்களிலேயே ஏறலாம். வலி இருக்காது, சிவப்பு இருக்காது, பிள்ளை ஒன்றும் சொல்லாது. அழுத்தம் நரம்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு பையனை அவன் அம்மா கண்ணாடி மாற்ற அழைத்து வந்தார். பேச்சுவாக்கில் பையைத் திறந்து அரிப்பு மருந்து பாட்டிலைக் காட்டினார். பெயர் தேய்ந்துபோயிருந்தது. குலுக்கிப் பார்த்தேன், பால் போல வெள்ளையாகக் கலங்கியது. அழுத்தம் பார்த்தால் 38, 21க்குள் இருக்கவேண்டியது. அவனுக்கு நரம்பில் ஒரு பகுதி போய்விட்டிருந்தது. மருந்தை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கியது, போன இழைகள் போனதுதான்.

எனவே இன்றே அந்த பாட்டிலை எடுத்துப் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்று ஏதாவது இருக்கிறதா? 'சோன்', 'லோன்' என்று முடிந்தாலோ நடுவில் 'பிரெட்' வந்தாலோ ஸ்டீராய்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தெளிந்த நீர் போல இருப்பதால் ஸ்டீராய்டு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், டெக்ஸாமெத்தசோன் சொட்டு மருந்து தெளிவாகவும் இருக்கும். பெரிய எழுத்தில் ஆன்டிபயாடிக் பெயர் போட்டு, கீழே சின்ன எழுத்தில் இதைச் சேர்த்திருப்பார்கள். அதையும் விடாமல் படியுங்கள். பாட்டிலோடு இந்த வாரமே கண் மருத்துவரிடம் போய் அழுத்தத்தைப் பாருங்கள். போன வருடத்து 15 இன்றைக்குப் பயன்படாது, அது இந்த மருந்துக்கு முன்னால் எடுத்தது. அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத மருந்துகள் இருக்கின்றன. அலர்ஜி கடுமையாக இருந்தால் மருத்துவரே சில நாட்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கவும் செய்வார். அது வேறு. அவர் தேதி குறித்துக் கொடுப்பார், இடையில் அழுத்தம் பார்ப்பார்.

அழுத்தம் 21க்குள் இருந்து, நரம்பின் ஓரமும் நல்ல நிறத்தில் முழுசாக இருந்தால், க்ளாக்கோமா மருந்து இப்போது வேண்டாம். நரம்பைப் போட்டோ எடுக்கச் சொல்லி அந்தப் படத்தை வாங்கி வையுங்கள். கண்ணின் நீளத்தையும் அளந்து எழுதி வாங்குங்கள். ஒரு வருடம் கழித்து அதே கருவியில் மறுபடி பார்த்து, அவளை அவளோடு ஒப்பிட வேண்டும். கிட்டப்பார்வை நரம்பு சாய்ந்தே இருந்தாலும் ஓரம் தேயாது. க்ளாக்கோமா தேய்த்துக்கொண்டே போகும். அந்த வித்தியாசத்தைச் சொல்ல இரண்டு படங்கள் வேண்டும், ஒரு சிவப்புத் தாள் போதாது. குடும்பத்தில் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், பவர் ஏறுவதைக் குறைப்பதுதான் அவளுடைய நரம்புக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. தினமும் இரண்டு மணி நேரம் வெட்டவெளியில் விளையாடட்டும். குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும், பவர் ஏற்றத்தைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடிகளும் இருக்கின்றன. அவளுக்கு எது பொருந்தும் என்பதை, அழுத்தம் பார்க்கப் போகும் அதே நாளில் மருத்துவரிடம் கேளுங்கள்.