வீடியோவில் புரிகிறது, தனியாக உட்கார்ந்தால் கை ஓடவில்லை

வலைத்தளம் செய்யக் கற்க எட்டு மாதமாக எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் வீடியோக்கள் பார்த்தும் வெற்றுத் திரையைக் கண்டால் ஒன்றும் தோன்றவில்லை, ஃப்ரீலான்ஸ் தொடங்குமுன் ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டில் திரைகளைக் கட்ட உதவும் கருவி) கோர்ஸிலும் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாங்க. அது ஒளிந்துகொள்ள இன்னொரு இடம், அவ்வளவுதான். (நானும் ஒரு வருடம் அப்படி ஒளிந்திருந்தேன்.)

கடைசிப் பாடத்தில் செய்த பக்கத்தை, வீடியோவை மூடிவிட்டு முதலிலிருந்து எழுதிப் பாருங்கள். பத்தாவது நிமிடமே மாட்டிக்கொள்வீர்கள். உடனே வீடியோவுக்கு ஓடாமல், எம்டிஎன் என்ற வலைநுட்பக் கையேட்டுத் தளத்தில் அந்த ஒரு விஷயத்தை மட்டும் தேடிப் படியுங்கள். சின்னத் திரையில் பெட்டிகள் அடுத்த வரிக்கு இறங்காமல் வெளியே வழிந்தபோதுதான், பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறையான ஃப்ளெக்ஸ்பாக்ஸில் 'ராப்' (அடுத்த வரிக்கு மடக்குவது) நாமாகச் சொன்னால்தான் நடக்கும் என்பது எனக்கு உறைத்தது.

பிறகு தெரிந்தவர் ஒருவரின் தொழிலுக்கு மூன்று பக்கத் தளம் செய்து, தளங்களை இணையத்தில் வைக்கும் சேவையான கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றுங்கள். என்னிடம் இதுவரை யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. செய்த வேலையின் லிங்க்தான் கேட்டார்கள்.

முதல் வேலை வந்ததும் பாதிப் பணம் முன்பணம், இரண்டு முறைக்கு மேல் திருத்தம் என்றால் தனிக் கட்டணம் என்று மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். "சின்ன மாற்றம்தான்" என்று ஒருவர் என்னைப் பதினோரு முறை திருத்த வைத்தார்!