நியான் டெட்ரா வாங்கும் முன்

கேள்வி: 60 லிட்டர் புதுத் தொட்டியில் போர் தண்ணீர் நிரப்பி, மறுநாளே 12 நியான் டெட்ரா மீன் விட்டேன். நாலு நாளில் ஒன்பது செத்துவிட்டன. கடைக்காரர் “உங்க தண்ணிதான் சார் காரணம்” என்கிறார். மீனே சரியில்லையோ?
– சூரமங்கலம் வாசகர்

பதில்: கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. நியானின் பூர்வீகம் மேல் அமேசான் காட்டு ஓடைகள். இலை ஊறி டீத் தண்ணீர் நிறத்தில், உப்பு மிகக் குறைவாக, லேசான அமிலத்தன்மையோடு ஓடும் தண்ணீர் அது. சேலமோ வெள்ளைக்கல் பூமி. இங்கே பல போர்களில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். ஆனாலும் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணை மீன்கள் என்பதால் ஓரளவு உப்பைத் தாங்கும். தாங்காதது திடீர் மாற்றம்தான்.

கொன்றது அநேகமாக அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வரும் இதைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். போதாததற்கு, போர் தண்ணீரில் பிஎச் (அமில-கார அளவு) கூடுதலாக இருந்தால் அதே அம்மோனியாவின் விஷம் பல மடங்கு ஏறும். புதுத் தொட்டிக்கு மறுநாளே மீன் விற்றவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சு கிடைத்தால் உங்கள் ஃபில்டரில் வையுங்கள், காத்திருக்கும் நாள் குறையும்.

அடுத்த முறை டிடிஎஸ் மீட்டரோடு (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) கடைக்குப் போய், அவர்கள் தொட்டியையும் அளந்து பாருங்கள். உங்கள் போர் 1000 காட்டி, ஆர்ஓ தண்ணீர் 50 காட்டினால், ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு ஆர்ஓ கலந்தால் 290 பக்கம் வரும், அது போதும். மேட்டூர் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மெல்லிய டியூபில் சொட்டுச் சொட்டாக முக்கால் மணி நேரம் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கண் முன்னால் தீனி போடச் சொல்லி, தின்கிற மீனை மட்டும் எடுங்கள். காலையில் விளக்கு போட்டதும் நீலக்கோடு வெளிறியிருந்தால் பயம் வேண்டாம். இரவில் மங்கி, சில நிமிடத்தில் திரும்பும். சிவப்புக் கோட்டின் நடுவில் வெள்ளைத் திட்டு இருந்தால், அது நியான் நோயாக இருக்கலாம். மருந்து கிடையாது, அந்தத் தொட்டியிலிருந்து எதையுமே வாங்காதீர்கள். செத்தால் மாற்றித் தருவீர்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள். செத்த பிறகு வாதாடிப் பயனில்லை.

கேள்வி: ஏற்காட்டில் கார்டினல் டெட்ரா வளர்க்கலாமா?

பதில்: வயிறு முழுக்கச் சிவப்பு ஓடும் கார்டினலுக்கு 25 டிகிரியாவது வேண்டும். நியானுக்கு 21 போதும் என்பதால் மலைக்கு அதுவே தோது. எதுவானாலும் மார்கழி இரவுக்கு ஹீட்டர் தேவை: 60 லிட்டருக்கு 100 வாட். கரண்ட் போனால் தொட்டியைப் போர்வையால் சுற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி 15 நிமிடம் ஆறவிட்ட பிறகே தண்ணீரைக் குறையுங்கள். சூடாக வெளியே தெரிந்தால் கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டுவிடும்.