Re: அம்மாவுக்கு பக்கவாதம், ஊழியத்துக்கு போக முடியல

சிஸ்டர், நர்சிங் முடிச்சு வடக்க மிஷன் ஆஸ்பத்திரிக்கு கிளம்புற நேரத்துல அம்மா விழுந்துட்டாங்க, ரெண்டு வருஷமா வீட்லயே முடங்கிட்டேன், கர்த்தர் என்னை ஓரமா வெச்சுட்டாரானு கேட்டிருக்கீங்க. எங்கப்பாவ நான் நாலு வருஷம் பாத்தேன், அதனால சொல்றேன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வெச்சு முதுகுல புண்ணு வராம பாக்குறது ஊழியம் இல்லைனா வேற எதுனு எனக்குத் தெரியல.

வேலூர் சிஎம்சி ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் கதை தெரியும்ல? 1890ல அவங்க திண்டிவனம் வந்ததே உடம்பு சரியில்லாத அம்மாவப் பாத்துக்கத்தான், மிஷனரி ஆகுற எண்ணமே கிடையாது. ஒரே ராத்திரில மூணு பேர் தனித்தனியா வந்து பொண்டாட்டிக்கு பிரசவம், நீங்க வாங்கம்மானு கூப்பிட்டாங்க, இவங்க டாக்டர் இல்ல, டாக்டரான அவங்க அப்பாவ அனுப்பறேன்னா ஆம்பள டாக்டர் வேண்டாம்னுட்டாங்க, விடிஞ்சா மூணு பொண்ணும் செத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் அமெரிக்கா போய் மெடிசின் படிச்சாங்க. உங்களுக்கும் அப்படி பெருசா ஏதோ வரும்னு சொல்ல வரல, வராமலும் போகலாம்.

பாபிலோனுக்கு சிறைபிடிச்சுட்டுப் போன யூதருங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதுன லெட்டர படிங்க, பைபிள்ல எரேமியா 29ம் அதிகாரம். வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த ஊரு சமாதானத்துக்கு ஜெபம் பண்ணுங்கனுதான் இருக்கு, எல்லாம் அன்னாட வேலை.

பக்கத்து வீட்டு ஆயா பிரஷர் பாக்க வருதுனு எழுதுனீங்களே, அத ஏன் "சும்மா"னு எழுதுனீங்க? அப்புறம் ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் அம்மாகூட இருக்க சபைல யாரையாவது கேளுங்க, வெக்கப்படாதீங்க, நான் கேக்காம விட்டு என் இடுப்பு போச்சு.