ரோலர் டெர்பி லீக்கில் ஆடுவதோடு வேலையும் ஏன் செய்ய வேண்டும்?

ரோலர் டெர்பி என்பது சக்கர ஸ்கேட் அணிந்து இரு அணிகள் மோதும் ஆட்டம்; அதை நடத்தும் கிளப்பைத்தான் லீக் என்கிறோம். சந்தா கட்டிப் பயிற்சிக்கும் வருகிறவர் லீக்கை நடத்தும் கமிட்டி வேலையும் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான லீக்குகளுக்கு முதலாளி கிடையாது; ஆடுபவர்களே உரிமையாளர்கள். 2000-களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஆஸ்டினில் ஆட்டம் மறுபிறவி எடுத்தபோது வேரூன்றிய வழக்கம் அது.

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை கை வேண்டும் என்று பாருங்கள். ஸ்கேட் அணிந்த நடுவர்களே ஏழு பேர் வரை. அதற்கு மேல் ஜாம் டைமர் (ஜாம் எனும் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் அளப்பவர்), புள்ளி குறிப்பவர்கள், பெனால்டி குறிப்பவர், தவறு செய்தவர் போய் உட்காரும் பெனால்டி பாக்ஸில் 30 விநாடித் தண்டனையை அளப்பவர்கள். எந்த ஜாமில் யார் களத்தில் இறங்குகிறார் என்று எழுதும் லைன்அப் குறிப்பவருக்கு இரண்டு ஜாம்களுக்கு நடுவே கிடைப்பது 30 விநாடி. அதற்குள் ஓர் அணியின் ஐந்து பேர் எண்ணையும் தாளில் ஏற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் எந்த ஜாமில் யார் ஆடினார் என்ற கணக்கே குழம்பும். பெனால்டி குறிப்பவரும் தவறக் கூடாது; ஏழு பெனால்டி வாங்கினால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டுமே!

சிக்கல் எங்கே என்றால், கணக்கு, அரங்க வாடகை, புதியவர் பயிற்சி எல்லாம் அதே மூன்று நான்கு பேர் தலையில் விழுந்து, அவர்கள் சலித்து விலகுவதுதான். வேலை செய்யாதவரை அணியில் சேர்க்காதே என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கைக்குழந்தை உள்ளவரும் இரவுப்பணிக்காரரும்தான் முதலில் அடிபடுவார்கள். வீட்டிலிருந்தே முடிக்கும் சிறு வேலைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவரைப் போடுங்கள்.