ஒரே அறை, பல வேகம்: தொடக்க வகுப்பு ஆசிரியர்களின் கேள்விகளும் ஒரு சிறப்பாசிரியரின் பதில்களும்

கேள்வி: ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை ஒரே அறை, நான் ஒருத்திதான். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப்படி, பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று குழுவாகப் பிரித்து உட்கார வைக்கிறேன். ஒரு குழுவிடம் போனால் மற்ற இரண்டும் கூச்சல்.

பதில்: நீங்கள் பக்கத்தில் இல்லாத குழுவுக்குப் புது வேலை கொடுக்காதீர்கள். பாதிக் கூச்சல் அதனால்தான் வருகிறது. ஏற்கெனவே தெரிந்ததைப் பழகுகிற வேலையாக இருக்கட்டும். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே கதை. மழைக் கதை என்றால் அரும்புக் குழு 'ம' வருகிற படங்களைப் பொறுக்கட்டும், மொட்டு சொற்களை எழுதட்டும், மலர் இரண்டு வாக்கியம் எழுதட்டும். நீங்கள் அரும்போடு தரையில் உட்காருங்கள். இன்னொன்று: 2022இல் திட்டம் வந்ததிலிருந்து நான் பார்க்கிற சிக்கல், "அவன் அரும்பு" என்று பிள்ளைக்கே பட்டம் கட்டிவிடுவது. தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் குழுவை மாற்றுங்கள்.

கேள்வி: செங்கல் சூளையிலிருந்து வரும் ஒடியா பேசும் சிறுமி வாயே திறப்பதில்லை. மூன்று மாதம் ஆகிறது.

பதில்: புது மொழிக்குள் வரும் பிள்ளை சில மாதம் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம். எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். புளியங்கொட்டையைக் கொடுங்கள், ஒடியாவிலேயே எண்ணட்டும். ஏழு கொட்டையை எடுத்து வைத்தால், எந்த மொழியில் எண்ணினாலும் அது ஏழுதான். படத்தைத் தொட்டுக் காட்டினாலும் பதில்தான். தண்ணீர், வலிக்கிறது, ஒன்னுக்குப் போகணும், இந்த மூன்றையும் அவள் மொழியில் அம்மாவிடம் கேட்டு நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டிலும் தமிழே பேசச் சொல்லி மட்டும் அனுப்பாதீர்கள். அந்தத் தாய்க்குத் தெரிந்த தமிழில் கதை சொல்ல முடியாது.

கேள்வி: இடது கையால் எழுதுகிறான், பாட்டி அடிக்கிறார்.

பதில்: கையை மாற்ற வேண்டாம். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், முழங்கை இடிக்காது. நோட்டின் மேல்பக்கம் வலப்புறம் சாய்ந்திருக்கட்டும். பாட்டியிடம் நீங்களே பேசுங்கள், டீச்சர் சொன்னால் கேட்பார்.

கேள்வி: ஒரு பையன் சில நாள் டக்கென்று பதில் சொல்கிறான், சில நாள் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. திமிர் என்கிறார்கள்.

பதில்: முதலில் காதைப் பாருங்கள் சார். சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்தால் இப்படித்தான், கேட்பது நாளுக்கு நாள் மாறும். பள்ளிக்கு வருகிற ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள், அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம். வகுப்பில் அவனை முன்வரிசைக்கு மாற்றுங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி நில்லுங்கள். சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் உதடு தெரியாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அதை விட வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்றால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள குழந்தையை எழுந்து நடக்க விடுகிறேன். மற்ற பெற்றோர் "அவனுக்கு மட்டும் ஏன்?" என்கிறார்கள்.

பதில்: மாற்றுத்திறனுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் சட்டம் பேசி யாரும் சமாதானமானதில்லை. எல்லோருக்குமே நடுவில் ஒரு தடவை எழுந்து குதிக்க நேரம் கொடுத்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தேவைதான்.