பலகை வைத்தால் போதுமா?

கேள்வி: 2020இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வர்ட் கோல்ஸ்டன் என்பவரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளி, துறைமுகத் தண்ணீரில் போட்டார்கள். அடிமை வியாபாரத்தில் அவருக்குப் பங்கு இருந்தது உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடம், ஆதரவற்றோர் இல்லம் எல்லாம் கட்டிக்கொடுத்தவர் அவர். அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா? சிலையை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்திருந்தால் வரலாறும் பிழைத்திருக்குமே?
(வாசகர், கோவை)

பதில்: பலகை வைக்கத்தான் முயன்றார்கள். அது நடக்காமல் போன பிறகுதான் கயிறு வந்தது. உங்கள் கேள்வியில் விடுபட்டிருப்பது இதுதான் என்பதால் கடைசிக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சிலையின் பீடத்தில் இரண்டாவதாக ஒரு பலகை பதிக்கலாம் என்று 2018இல் பிரிஸ்டல் நகராட்சியே முன்வந்தது. முதலில் எழுதிய வாசகம் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் 1680 முதல் 1692 வரை உயர் பொறுப்பில் இருந்த கோல்ஸ்டன், 84,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக்கப்பட்டதில் தீவிரப் பங்கு வகித்தார். அவர்களில் 12,000 பேர் குழந்தைகள். 19,000க்கும் மேற்பட்டோர் கடற்பயணத்திலேயே இறந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினரானபோது, அடிமை வணிகம் செய்ய பிரிஸ்டலுக்கு ‘உரிமை’ உண்டு என்று வாதாடினார். அவருடைய மத, அரசியல் கொள்கையை ஏற்காத உள்ளூர்க்காரர்களுக்கு அவருடைய தர்மத்தில் பங்கு கிடையாது. இவ்வளவும் அதில் இருந்தன.

உடனே ஆட்சேபணை கிளம்பியது. மெர்ச்சன்ட் வென்ச்சரர்ஸ் என்ற பழைய வணிகர் சங்கத்தின் தரப்பிலிருந்து திருத்தங்கள் வந்தன. கோல்ஸ்டன் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். அவர் தொடங்கிய பள்ளிக்கும் அந்தச் சங்கத்துக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. திருத்தத் திருத்த என்ன ஆனது என்று பாருங்கள். 12,000 என்ற எண் போய், ‘சிறு குழந்தைகளும்’ என்று பொத்தாம்பொதுவாக ஆனது. அடிமை வணிகத்துக்காக வாதாடிய செய்தி போய், அவர் எம்.பி.யாக இருந்தார் என்பது மட்டும் நின்றது. தர்மத்தில் காட்டிய பாரபட்சம் அடியோடு மறைந்தது. கடைசி வாசகம், நகரத்தின் மாபெரும் கொடையாளர்களில் ஒருவர் என்று தொடங்கி, பள்ளி, மருத்துவமனை, தேவாலயம் என்று வரிசையாகப் பாராட்டி முடித்த பிறகுதான் கப்பல்களுக்கு வந்தது. அந்த வாசகத்தோடு வெண்கலப் பலகையை வார்த்தும் விட்டார்கள். 2019 மார்ச்சில் மேயர் மார்வின் ரீஸ், இதை ஏற்க முடியாது என்று நிறுத்தினார். அவர் தந்தை ஜமைக்காவைச் சேர்ந்தவர். அந்தப் பலகையைத் தடுத்தது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பதிலாக வேறொரு பலகை வரவே இல்லை. சிலை விழுந்த நாளில், அதை அகற்றக் கோரும் மனுவில் 11,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். பீடத்தில் 1895இல் பதித்த வாசகம் மட்டும் அப்படியே இருந்தது: இந்நகரின் மிகுந்த நற்பண்பும் அறிவும் கொண்ட புதல்வர்களில் ஒருவருக்கு பிரிஸ்டல் குடிமக்கள் எழுப்பிய நினைவுச்சின்னம்.

பலகை என்ற யோசனையே தவறு என்று சொல்ல வரவில்லை. அது எப்படித் தோற்கிறது என்பதைச் சொல்கிறேன். வாசகத்தை முடிவு செய்யும் மேசையில் அந்த மனிதரின் பெயரால் இன்றும் பெருமை பெறுபவர்கள் உட்கார்ந்தால், முதலில் எண்கள் போகும். பிறகு ‘அவர் செய்தார்’ என்பது ‘நடந்தது’ என்று மாறும். கடைசியில் புகழ்ச்சி முதல் வரிக்கு ஏறிவிடும். இன்னொன்று அளவு. கோல்ஸ்டனின் பீடம் மட்டுமே சுமார் பத்தரை அடி. அதன் மேல் எட்டடிக்கு மேற்பட்ட வெண்கல உருவம், கைத்தடியில் சாய்ந்து யோசனையில் நிற்பது போல. பீடத்தின் பக்கங்களில் அவர் ஏழைகளுக்குத் தானம் கொடுப்பது போன்ற சிற்பங்கள். சாலையைக் கடப்பவர் கண்ணில் படுவது இவைதான். இடுப்புயரத்தில் ஒட்டிய ஒரு சிறு பலகை இதற்கெல்லாம் பதில் சொல்லிவிடாது.

‘அந்தக் காலத்து மனிதர்’ என்கிறீர்கள். எந்தக் காலம்? கோல்ஸ்டன் 1721இல் இறந்தார். சிலை வைத்தது 1895இல், அதாவது 174 ஆண்டுகள் கழித்து. பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807இல். தன் காலனிகளில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல். அதற்கும் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அது குற்றம் என்று ஊரே அறிந்த காலத்தில், இந்தச் சிலையை வைத்தார்கள். ஆகவே 1895இன் அளவுகோலாலேயே அளக்கலாம். குடிமக்கள் எழுப்பியதாகப் பீடம் சொல்கிறதே, நன்கொடை கேட்டபோது போதிய பணம் சேரவில்லை. சிலை திறந்த பிறகும் பற்றாக்குறைக்காகக் கையேந்த வேண்டியிருந்தது. முன்னின்று நடத்தியவர் ஜேம்ஸ் ஆரோஸ்மித் என்ற பதிப்பாளர்.

சரி, கோல்ஸ்டன் வாழ்ந்த காலத்துக்கே போவோம். 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குடியேறியிருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர், மனிதரை விலைக்கு வாங்குவது அநியாயம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு, 1689இல், கோல்ஸ்டன் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் துணை ஆளுநர் பதவியில் அமர்ந்தார். தவறென்று சொல்ல அப்போதே ஆட்கள் இருந்தார்கள். அதற்கும் மேலாக, பிடித்த மனிதரின் உடம்பில் கம்பெனியின் முத்திரையைப் பழுக்கக் காய்ச்சிச் சுட்டார்களே, சுடுபட்டவரும் அந்தக் காலத்து மனிதர்தான். ‘அந்தக் காலத்து அளவுகோல்’ என்று பேசும்போது கப்பலின் மேல்தட்டில் நின்றவர்களை மட்டும் கணக்கில் எடுத்து, கீழ்த்தட்டில் சங்கிலியில் கிடந்தவர்களை விட்டுவிடுகிறோம். அவர்களிடம் கேட்டிருந்தால் என்ன அளவுகோல் சொல்லியிருப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

தர்மம் உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. பள்ளியும் இல்லங்களும் இருந்தன, பலர் பயன்பெற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

வரலாறு அழிந்ததா என்ற கவலைக்கு வருகிறேன். 2020 ஜூன் 7 அன்று சிலை விழுந்தது. அதை உருட்டிக்கொண்டு போய்த் தள்ளியது பெரோ பாலத்தின் அருகே. அடிமையாக பிரிஸ்டலுக்குக் கொண்டுவரப்பட்ட பெரோ ஜோன்ஸின் பெயர் அந்தப் பாலத்துக்கு. ஜூன் 11 அதிகாலையில் நகராட்சி அதை வெளியே எடுத்தது. வெண்கலச் சிலை உள்ளே கூடாக இருக்கும். சேறு புகுந்து அடைத்திருந்தது. சேற்றைக் கழுவியபோது உள்ளே ஒரு சைக்கிள் டயர் கிடைத்தது. கூடவே 1895ஆம் ஆண்டின் வாரப் பத்திரிகை ஒன்று. அதில் சிலையைப் பொருத்தியவர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருந்தன. 125 ஆண்டுகள் நின்ற சிலை விழுந்த பிறகுதான் அந்தப் பெயர்கள் வெளியே வந்தன.

பாதுகாப்பு வல்லுநர்களுக்கு அங்கே ஒரு சிக்கல் இருந்தது. வழக்கமாகச் சிலைமேல் பூசிய பெயின்ட்டை நீக்குவது அவர்கள் வேலை. இங்கே போராட்டக்காரர்கள் அடித்த பெயின்ட்டும் ஆவணம். அழுத்திக் கழுவினால் சேற்றோடு அதுவும் போய்விடும். ஆகவே சேற்றை மட்டும் பதமாக எடுத்து, பெயின்ட் உதிராமல் நிலைப்படுத்தினார்கள். நிமிர்த்தி வைக்க முடியாத அளவுக்குச் சிலை சேதமாகியிருந்ததால், 2021 ஜூனில் எம் ஷெட் அருங்காட்சியகத்தில் படுத்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று நடத்திய கருத்துக்கணிப்பில் சுமார் 14,000 பேர் பதில் தந்தார்கள். பதில் தந்த பிரிஸ்டல்வாசிகளில் 80 சதவீதத்தினர் அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். வீதியில் நின்ற வரை அதைத் தாண்டிப் போனவர்களில் எத்தனை பேருக்கு அந்த 84,000 பேரைப் பற்றித் தெரிந்திருக்கும்? இன்று அந்தச் சிலையைப் பார்க்கிறவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் வெளியே வர முடியாது.

அதற்காக, கயிறு கட்டி இழுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. கீழே நிற்பவருக்கு அது உயிராபத்து. அதே ஜூன் மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துப் போர்ட்ஸ்மவுத்தில் இப்படி இழுத்த சிலை ஒருவர் தலைமேல் விழுந்து அவர் படுகாயமடைந்தார். முறையாக அகற்றுவது எப்படி என்பதற்கு அதே மாநிலத்தின் ரிச்மண்டைப் பாருங்கள். 1890இல் வைத்த ராபர்ட் ஈ. லீயின் குதிரைச் சிலை, 21 அடி உயரம், 12 டன். லீ அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படைத் தளபதி, அடிமைகளை வைத்திருந்தவர். 2020 ஜூனில் ஆளுநர் அகற்றப்போவதாக அறிவித்தார். சிலையை என்றென்றும் காப்போம் என்று 1889-90இல் அரசு கொடுத்த வாக்குறுதியைக் காட்டி வழக்குப் போட்டார்கள். பழைய வாக்குறுதி இன்றைய அரசின் வாயை நிரந்தரமாகக் கட்டிவிட முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 15 மாதம் ஆனது. 2021 செப்டம்பர் 8 அன்று பட்டைகளைக் கட்டி, கிரேன் வைத்து இறக்கி, பாலங்களுக்கு அடியில் லாரி போகவேண்டும் என்பதால் இடுப்பளவில் இரண்டாக அறுத்து எடுத்துப் போனார்கள். இடத்தின் சொந்தக்காரர் மனம் வைத்தால் இவ்வளவு காலமும் ஆகாது. லண்டனில் ராபர்ட் மில்லிகனின் சிலை நின்ற இடம் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். ஜமைக்கா தோட்டங்களில் 526 அடிமைகளை வைத்திருந்தவர் மில்லிகன். கோல்ஸ்டன் விழுந்த இரண்டாம் நாளே அதை இறக்கிவிட்டார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது கொடூரமாகப் பழிவாங்கிய ஆங்கிலேய அதிகாரி கர்னல் நீலின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் சத்தியாக்கிரகிகள் சுத்தியலோடு போனார்கள், சிறைக்கும் போனார்கள். சட்டசபையில் தீர்மானம் தோற்றது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதனால் 1857ஐ யாரும் மறந்துவிடவில்லை.

கோல்ஸ்டன் சிலையைச் சேதப்படுத்தியதாகத் தொடுத்த வழக்கில் நால்வரை 2022 ஜனவரியில் ஜூரி விடுவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய சேதத்தைக் கருத்துரிமை காக்காது என்று விளக்கியது. விடுதலை மட்டும் மாறவில்லை. இடையில் நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் பத்தாண்டு வரை சிறை என்று சட்டமும் வந்துவிட்டது. இனி அங்கே பெரும்பாலும் நடக்கப்போவது, நீங்கள் விரும்புகிற பலகைதான். அப்படியானால் ஒன்று கேளுங்கள்: முதல் வரைவையும் கடைசி வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடட்டும், எந்த வரியை யார் சொல்லி நீக்கினார்கள் என்ற குறிப்போடு.