மாடு விரும்பித் தின்னும் முள்மரக் காய்: நடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் லேடிஸ்மித் பக்கம் 18 மாடு வைத்திருக்கிறேன் ஐயா. ஓடைக்கரையில் அடிமரமெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு ஒரு மரம் நிற்கிறது. ஏப்ரலில் நீளமான பழுப்புக் காய் உதிர்ந்தால் மாடுகள் போட்டி போட்டுத் தின்கின்றன. பயறு வகை மரம், மண்ணுக்கும் சத்து என்கிறார்கள். வேலியோரம் இன்னும் நடலாமா?

பதில்: நட வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது ஹனி லோகஸ்ட். வட அமெரிக்காவிலிருந்து வந்த, இலையுதிர்க்கும் மரம். இங்கே 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ், ஆக்கிரமிக்கும் அயல் இனங்களின் 1பி பட்டியலில் இருக்கிறது. நடவோ விற்கவோ கூடாது. நிலத்தில் இருப்பதையும் கட்டுப்படுத்தியாக வேண்டும்.

காய் நல்ல தீவனம்தான், அதை மறுக்கவில்லை. உள்ளே இருக்கும் சதை அத்தனை இனிப்பு. சிக்கல் விதையில் இருக்கிறது. அதன் தோல் கல் மாதிரி. மாட்டின் வயிற்றுக்குள் போய் வரும்போது அந்தத் தோல் இளகி, விதை சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. மேய்ச்சல் நிலம் முழுக்க உங்கள் மாடுகளே நட்டுவிடும். அப்புறம் புல் போகும், குளம்பில் முள் ஏறும், டிராக்டர் டயரும் தப்பாது. மண்ணுக்குச் சத்து என்பதும் இந்த மரத்துக்குப் பொருந்தாது. மற்ற பயறு வகைகளைப் போல, மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் முடிச்சு இதன் வேரில் கட்டுவதில்லை.

முதலில் காய்க்கும் மரங்களைச் சுற்றி வேலி போடுங்கள். ஏற்கெனவே காய் தின்ற மாடுகளை ஒரு வாரமாவது ஒரே கிராலில் (மாட்டுப்பட்டியில்) அடைத்து வைத்த பிறகு வேறு நிலத்துக்கு ஓட்டுங்கள். சின்ன மரக்கன்றுகளை மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கிவிடலாம்.

பெரிய மரத்தை வெறுமனே வெட்டிவிட்டுப் போகாதீர்கள். அடிக்கட்டையிலும் வேரிலும் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, ஒன்று பத்தாகும். வெட்டிய சூட்டோடு கட்டையில் டிரைக்ளோபைர் என்ற களைக்கொல்லி மருந்தைப் பூச வேண்டும். அளவு டப்பாவில் எழுதியிருப்பதுதான். ஓடைக்கரை என்பதால் தண்ணீரில் ஒரு சொட்டும் விழாமல் தூரிகையால் பூசுங்கள். காய்க்காத மரத்தையும் விடாதீர்கள், அது ஆண் மரமாக இருக்கலாம். வேரில் அதுவும் பரவும். மண்ணில் கிடக்கும் விதை சில வருடம் கழித்தும் முளைக்கும், அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். காய் விரல் நீளமே இருந்து, இலைக்காம்பின் அடியில் மட்டும் இரட்டை முள் இருந்தால் அது பிளாக் லோகஸ்ட். அதன் பட்டையும் இலையும் விதையும் கால்நடைக்கு விஷம், குதிரைக்கு இன்னும் மோசம். அப்படியானால் இன்றைக்கே மாடுகளை அங்கிருந்து ஓட்டிவிடுங்கள்.